பாலம் யாருக்கு வேண்டும்?

எனக்குக் குளியலறையில் மட்டும்தான் நன்றாகப் பேச வரும். வெளியே வந்தால் ஆட்டோக்காரருக்கு வழி சொல்லவே நாக்கு குழறும். அப்படிப்பட்டவனை எங்கள் மாடம்பாக்கம் நகர் நலச்சங்கம் ஆண்டு விழாப் பட்டிமன்றத்தில் பேசக் கூப்பிட்டது என்றால், வேறு யாரும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். (இது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. அன்று என் திறமையை ஊர் கண்டுகொண்டது என்றே நினைத்தேன்.)

தலைப்பு, 'பட்ஜெட் பணம் முதலில் போக வேண்டியது பாலத்துக்கா, பால்வாடிக்கா?' நான் பால்வாடிக் கட்சி. பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று தவிக்கும் குடும்பங்களுக்காக நான் வாதாட வேண்டும். அதற்கு என்னிடம் இருந்த ஒரே தகுதி, செய்தித்தாளில் பட்ஜெட் பக்கத்தைப் பாதி படித்திருந்தேன் என்பதுதான்.

வீட்டில் ஒத்திகை பார்க்க வழியில்லை. "தாய்மார்களே!" என்று ஆரம்பித்தாலே சமையலறையிலிருந்து என் மனைவி மாலதி, "சொல்லுப்பா மகனே" என்பாள். ஆகவே பக்கத்து வீட்டைப் பிடித்தேன். அதன் சொந்தக்காரர் துபாயில் இருந்தார். வாடகைக்கு யாராவது கேட்டு வந்தால் காட்டச் சொல்லி முன்கதவு, பின்கதவு சாவிகளை எங்களிடம் கொடுத்திருந்தார். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு அது. மெயினை அணைத்து வைத்திருந்ததால் உள்ளே எப்போதும் அரையிருட்டுதான். ஆனால் அந்தக் குளியலறையின் எதிரொலி இருக்கிறதே! என் குரல் அமைச்சர் குரலாகத் திரும்பி வந்தது. மாலதியிடம் வாக்கிங் என்று சொல்லிவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் தினமும் பின்கதவு வழியாக உள்ளே போய்விடுவேன்.

பேசும்போது ஒரு விசித்திரம் நடந்தது. வெளியே கூடத்தில் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருப்பது போலவே இருக்கும். முதுகு சில்லிடும். நான் பேசுவதை நிறுத்தினால், இன்னொருவரும் மூச்சை நிறுத்திக்கொண்டது போல வீடு இன்னும் அமைதியாகும். என் இடத்தில் வேறு யாராவது இருந்தால் ஓடியிருப்பார்கள். நானோ அதை வளரும் பேச்சாளனுக்கு வரும் தன்னம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

பட்டிமன்றத்துக்கு முந்தைய வாரம் ஒரு நாள், வானம் மூடிக்கொண்டு கிடந்தது. கைதட்டலுக்கு இடைவெளி விடுவதைப் பழகிக்கொண்டிருந்தேன். (தட்டுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.) "பிள்ளையை விட்டுவிட்டுப் போக இடமில்லாத தாய் கேட்கிறாள், பாலம் யாருக்கு வேண்டும்?" என்று முழங்கிவிட்டு, கையை உயர்த்தியபடி நின்றேன்.

"எனக்கு வேணாம்."

ஒரு பெண்ணின் குரல். தணிந்த, களைத்துப்போன குரல். கதவுக்கு வெளியே, மிகப் பக்கத்தில்.

நான் போட்ட அலறலில் பால்வாடியும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. வாளிக்குள் கால் மாட்டி, வாளியோடு பின்கதவு வரை போய், செருப்பை அங்கேயே விட்டுவிட்டுச் சுவரேறிக் குதித்து வீட்டுக்கு ஓடினேன்.

அங்கே எனக்கு முன்பே ஒரு பெண் வந்து, சோபாவில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலதி தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டுல ஒரு பொம்பள பேசுறா!" என்று கத்தினேன்.

வந்தவள் எழுந்தே விட்டாள். "அக்கா, இந்தக் கொரல்தான்! உள்ள கத்திகினு இருந்த கொரல் இதான்!"

மாலதி என்னைப் பார்த்தாள். என் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

வந்தவள் பெயர் ஸ்டெல்லா. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. சேலையூரில் அவர்கள் குடியிருந்த வீட்டை, பாலத்துக்காகச் சாலையை அகலப்படுத்த இடிக்கப்போகிறார்கள். உடனே காலி செய்தாக வேண்டும். எங்கள் தெருமுனையில் பால்வாடி இருந்தது, அதன் எதிரிலேயே கம்பெனி வேன் நிற்கும். பக்கத்து வீடு அமையாவிட்டால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட வேண்டியதுதான். மாலதி முன்கதவுச் சாவியைக் கொடுத்து அனுப்ப, அவள் உள்ளே நுழைந்த நேரத்தில் நான் முழங்கியிருக்கிறேன். உழைக்கும் குடும்பங்களுக்காக ஊரில் கிளம்பிய ஒரே ஆளான நானே, அப்படி ஒரு குடும்பத்தை வாசலோடு விரட்டிவிட்டேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஸ்டெல்லாவின் மகள் ஜெனி அந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன் என்றாள். மாலதி ஒரு பரிகாரம் கண்டுபிடித்தாள். மறுநாள் காலை வெளிச்சத்தில், அவர்கள் கண் முன்னால் அதே குளியலறையில் நின்று முழுப் பேச்சையும் நான் பேசிக் காட்ட வேண்டும்!

பேசினேன். ஜெனி அம்மாவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். வாளியை உதைத்துக் காட்டியதும் சிரித்தேவிட்டாள். அந்தத் தைரியத்தில் நான், "பாலம் யாருக்கு வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க ஸ்டெல்லா, நேத்து சொன்ன மாதிரியே" என்றேன்.

"இன்னா சொல்லணும் சார்?"

"எனக்கு வேணாம்னு சொன்னீங்களே."

"நான் எங்க சார் சொன்னேன்? பயத்துல நாக்கே ஒட்டிகிச்சு." அவள் முகம் மாறியது. "அந்தப் பொம்பள கொரலு எனக்கும் கேட்டுச்சு. நீங்கதான் மாத்தி மாத்திப் பேசிகினு கீறீங்கன்னு நெனச்சேன்."

மாலதியின் சிரிப்பு நின்றது. நாங்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கூடத்தின் அரையிருட்டு, காலையிலும் அப்படியே இருந்தது.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "வேணும்னா வேற வீடு பார்க்கலாம்..." என்று இழுத்தேன்.

ஸ்டெல்லா ஜன்னலைத் திறந்தாள். தெருமுனையில் பால்வாடிப் பிள்ளைகள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அதையே கேட்டாள். பிறகு மாலதியிடம் கையை நீட்டி, "சாவியக் குடுங்கக்கா" என்றாள். "இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அந்தம்மாவும் நம்ம கட்சிதானே!"

பட்டிமன்றத்தில் அந்தக் கேள்வி வந்ததும் நான் இடைவெளியே விடாமல் தாண்டி ஓடினேன். யாரும் கைதட்டவில்லை, நல்லவேளை வேறு யாரும் பதிலும் சொல்லவில்லை. நடுவர் பாலத்துக்கே தீர்ப்பு சொன்னார்.

ஸ்டெல்லா குடும்பம் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. பட்ஜெட் தினத்தன்று எங்களுக்கு அவர்கள் வீட்டில்தான் டீ. டிவியில் எந்த ஊருக்குப் பாலம் அறிவித்தாலும், மாலதி குளியலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, உங்களுக்கு வேணுமா?" என்று கேட்பாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் சிரிப்பதற்கு முன்னால், இப்போது பள்ளிக்கூடம் போகும் ஜெனி டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவாள். ஒரு தடவைகூட அவள் அதை மறந்ததில்லை.