மூன்று ஆட்சேபணைகளும் இருபத்தைந்து வாட்டும்

ஸ்ரீரங்கம்,
வெள்ளிக்கிழமை.

நம் கான்வென்ட் முன்னாள் மாணவியர் சங்கத்தின் செயலாளர் திருமதி பேட்ரிசியா இன்னாசிராஜ் அவர்களுக்கு, அச்சங்கத்தின் தலைவி மைதிலி வரதராஜன் எழுதுவது.

மேலப்புதூரில் நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்காலைத் தவிர வேறு குறையில்லை. 'அன்புள்ள பேட்ரிசியா' என்று தொடங்காததற்கு வருத்தப்படாதே. பள்ளியில் நீ எனக்கு நான்கு வகுப்பு கீழே, உனக்கு ரிப்பன் கட்டிவிட்டவள் நான். ஆனாலும் இது சங்கக் கடிதம். நேற்று போனில், "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கே சிறப்புக் கூட்டம் வச்சுடலாம்க்கா, ஆனா ரூல்படி எழுத்துல கேக்கணும்" என்றாய். அந்த விதியை எழுதியவளே நான்தான். அதனால் எழுத்தில் கேட்கிறேன்.

சென்ற ஞாயிறு வீடியோ கூட்டத்தில் லிசி ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள்: எழுபத்தைந்து வயது கடந்தவர்கள் பொறுப்பை விட்டுவிட்டு 'கௌரவ ஆலோசகர்' ஆகிவிட வேண்டும். எட்டுப் பேர் உள்ள சங்கத்தில் அந்த வயதைக் கடந்தவள் நான் ஒருத்திதான் என்பதைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன். "இதில் எனக்கு மூன்று ஆட்சேபணைகள். முதலாவது" என்று ஆரம்பித்தேன், போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்துபோய்விட்டது. மறுநாள் நீ அனுப்பிய கூட்டக் குறிப்பில், 'தலைவி மறுப்பேதும் தெரிவிக்காததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது' என்று இருக்கிறது. பதினான்கு வருடம் தலைவியாக இருந்தவளை, ஒரு போன் அணைந்ததைக் காட்டி இறக்கியிருக்கிறீர்கள்.

இனி இப்படி ஒரு சாக்கு உங்களுக்குக் கிடைக்கக் கூடாது என்று, திங்கட்கிழமையே சார்ஜர் வாங்கக் கிளம்பினேன். இந்த போனோடு சார்ஜர் வரவில்லை, இப்போதெல்லாம் டப்பாவில் வைப்பதில்லையாம். என் வீட்டுக்காரருடைய பழைய சார்ஜரில்தான் போட்டுவந்தேன், முழுதும் ஏற ஐந்து மணி நேரம் ஆகும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நடைபாதைக் கடைக்காரர் நூற்றிருபது வாட் என்று போட்ட ஒன்றை நூற்றைம்பது ரூபாய்க்குக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் போன் தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது, சார்ஜ் நான்கு சதவீதம் ஏறியிருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், "மிசின்ல குத்தம் இல்லம்மா, உங்க போனுக்குத்தான் வயசாயிடுச்சு" என்றார். வயதாகிவிட்டது என்று இந்த வாரம் என்னிடம் சொன்னவர்களில், லிசிக்கு அடுத்து இரண்டாவது ஆள் அவர். மாடி வீட்டு கணேஷ்குமார், பாங்கில் மேனேஜர், படியில் பார்த்து, "மாமி, அறுபத்தஞ்சு வாட்டுக்குக் கொறஞ்சு இப்ப யாரு மாமி வாங்கறா? நான் ஆர்டர் போட்டுடறேன்" என்று என் சம்மதத்தைக் கேட்காமலே போட்டுவிட்டார். புதன்கிழமை வந்தது, செங்கல் கனம். அதில் போட்டாலும் போன் அதே ஆமை வேகத்தில்தான் ஏறியது. "என் லேப்டாப்புக்குப் பிரமாதமா ஏறறதே மாமி" என்றார். அப்படியானால் நீரே வைத்துக்கொள்ளும் என்று கொடுத்துவிட்டேன்.

நேற்று மேலப்புலிவார்டு ரோட்டில் நஜிமுதீன் என்பவர் கடைக்குப் போனேன். அவர்தான் முதலில் போனை வாங்கிப் பார்த்தார், மற்றவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். "சார்ஜர் பெருசா இருந்து என்னம்மா பண்றது? போன் எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் உள்ள போகும். இது இருபத்தஞ்சு வாட் கேக்குது. அதையும் இதுக்குத் தெரிஞ்ச மாதிரி குடுத்தாத்தான் வாங்கிக்கும், இல்லன்னா சும்மா பேருக்குத்தான் ஏறும்" என்றார். கம்பெனி சார்ஜர் ஆயிரத்தைந்நூறு. அதே வேலையைச் செய்கிற இன்னொன்று, கேபிளோடு அறுநூற்றைம்பது. அரசு முத்திரை இருக்கிறதா, கேபிள் இந்த வேகத்தைத் தாங்குமா, கெட்டுப்போனால் மாற்றித் தருவீர்களா என்று அரை மணி நேரம் கேட்டேன். "அம்மா டீச்சருங்களா?" என்றார். "இல்லை, தலைவி" என்றேன். "எந்தக் கட்சிங்க?" என்றார். வாங்கிவந்து போட்டேன். ஒன்றே கால் மணி நேரத்தில் நூறு.

பேட்ரிசியா, பதவி மேல் எனக்கு ஆசை என்று நீங்கள் பேசிக்கொள்வது தெரியும். வேலைக்காரி என்ன சமைக்கட்டும் என்றுகூடக் கேட்பதில்லை, எனக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளை எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட்டுத் தகவல் சொல்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒன்றரை மணி நேரம், ஏழு பேர் என் அபிப்பிராயத்தைக் கேட்டாக வேண்டியிருந்தது. அதைத்தான் பிடுங்கியிருக்கிறீர்கள். ஆகவே ஞாயிறன்று கூடி, என் மூன்று ஆட்சேபணைகளையும் முழுதாகக் கேட்டுவிட்டு, மறுபடி வாக்கெடுக்க வேண்டும்.

ரங்கநாதர் கிருபையும், பள்ளியில் தினமும் காலையில் நாம் பாடிய மாதாவின் கிருபையும் உனக்கும் உன் குடும்பத்துக்கும் நிறைய உண்டாகட்டும். லிசிக்கும் கொஞ்சம் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
மைதிலி வரதராஜன்,
தலைவி.

பின்குறிப்பு, திங்கட்கிழமை: சனிக்கிழமை முழங்கால் வலியில் தபாலாபீஸ் போக முடியவில்லை, கடிதம் மேஜையிலேயே இருந்தது. கடிதம் கைக்கு வராவிட்டாலும், போனில் சொன்னபடி நீ கூட்டத்தைக் கூட்டினாய். முதல் ஆட்சேபணையின் நடுவில் லிசி, "சார்ஜ் போயிடுச்சுக்கா" என்று மறைந்தாள். இரண்டாவது முடிவதற்குள் ஐந்து பேருக்கு அதே கதி. மூன்றாவதில் நீ மட்டும் மிச்சம். "மூணு பர்சென்ட்தான் காட்டுதுக்கா, மன்னிச்சுக்கங்க" என்றாய், நீயும் போய்விட்டாய். ஐந்து நிமிடத்தில் லிசி வாட்ஸ்அப்பில் மெதுவடை படம் போட்டிருந்தாள். என் போனில் நூறு இருந்தது, திரையில் என் முகம் மட்டும் இருந்தது. விதிப்படி வாக்கெடுப்புக்கு விட்டேன். தீர்மானத்தை ரத்து செய்ய ஆதரவு ஒன்று, எதிர்ப்பு இல்லை. வென்றுவிட்டேன். அந்த வெற்றியைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம், மேலே கேட்ட அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கௌரவ ஆலோசகரின் முதல் ஆலோசனையை மட்டும் பதிவு செய்: ஏழு பேரும் நஜிமுதீன் கடையில் ஆளுக்கொரு சார்ஜர் வாங்கிக்கொள்ளவும். இதில் ஆட்சேபணை உள்ளவர்கள் ஸ்ரீரங்கத்துக்கு நேரில் வந்து சொல்லலாம். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.