பத்தாவது குகை

லிஃப்ட்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதை உலகத்தில் யாராலும் மாற்ற முடியாது, அவர் மனைவியைத் தவிர. அதனால் முடிவெடுத்ததும் முதல் காரியமாக அதை மனைவியிடமிருந்து மறைப்பார். இந்தத் தடவை மறைக்க வழியில்லை. முடிவு வேலையைப் பற்றியது.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து மறுபடியும் குழிக்குள்ள இறங்கறேன்" என்றார்.

குழி என்பது லிஃப்ட் ஏறி இறங்கும் செங்குத்துச் சந்து. போன வருடம் அதற்குள் நின்று லிஃப்டை ரிப்பேர் பார்க்கும்போதுதான் பிரேக் நழுவியது. கூட இருந்த கூட்டாளி நெட்டை கீழே போனான். அவனைத் துணி சுற்றித்தான் மேலே கொண்டுவந்தார்கள். லிஃப்ட்காரர் உயிரோடு வந்தார். ஆனால் வலது கையில் நரம்பு நசுங்கிவிட்டது. கம்பெனி அவருக்கு நாற்காலி வேலை தருவதாகச் சொன்னது. போனை எடுத்து, "உங்க லிஃப்ட் எந்த மாடியில நிக்குது?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கட்டடத்தையே ஏற்றி இறக்கிய மனிதருக்கு அதைக் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

மனைவி, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டபடி கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் வேலை. யாருடைய கல்லீரலையோ பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"கை?"

"கைக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கற கையால அந்த டம்ளரை எடுங்க பாப்போம்."

எடுத்தார்.

"அந்தக் கை நல்லாத்தான் இருக்கு. நான் கேட்டது இன்னொண்ணை."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

"விமான கேம் தெரியுமில்ல? குகை குகையா பறக்கணுமே, அது. ஆபீஸ்ல அந்தக் காலத்துல பத்தாவது குகையைத் தாண்டின ஒரே ஆள் நான்தான். எல்லாம் இந்த வலது கை. நெட்டை பின்னாடி நின்னு கத்துவான். இப்பவும் இதே கையால தாண்டிக் காட்டறேன். தாண்டினா குழி, நீ வாயைத் திறக்கக் கூடாது. தாண்டலேன்னா நாற்காலி, நான் வாயைத் திறக்கலை."

"சரி" என்றாள் மனைவி.

மனைவி இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னால் வேறு எந்தக் கணவனும் உஷாராகியிருப்பான். நம்மவர் பரணில் குறுந்தகட்டைத் தேடப் போனார்.

தகடு கிடைத்தது. அதைச் செருகக் கம்ப்யூட்டரில் வாய் இல்லை. "புதுசுக்கெல்லாம் வாய் கிடையாதுங்க" என்றாள் மனைவி. வெளியிலிருந்து மாட்டும் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். தகடு சுற்றியது. திரையில் எழுத்து வந்தது: இந்தச் செயலியை உங்கள் கணினியில் இயக்க முடியாது.

"ஏன் முடியாதாம்?"

"ரொம்பப் பழசாம்."

"கம்ப்யூட்டரா?"

"கேம். கம்ப்யூட்டர் புதுசு. புதுசுக்குப் பழசு சொல்றது புரியாது."

புதிய கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டர்போல நடிக்க வைக்க ஒரு வசதி உண்டு என்று யாரோ சொன்னார்கள். அதைத் தட்டினார். அது நடித்தது, கருப்புத் திரையோடு அப்படியே மயங்கி விழுந்தது. வேறு வழியில் போனார். நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும் என்றது.

"யாருப்பா இந்த நிர்வாகி?" என்று இரைந்தார்.

"நான்தான்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

ஒவ்வொரு கதவுக்கும் நிர்வாகி வரவேண்டியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வருவாள், அவரை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டுத் தட்டுவாள், போவாள். நாலு நாள் தலையால் தண்ணீர் குடித்தும் விமானம் தரையை விட்டுக் கிளம்பவில்லை. கடைசியில் அவளே எதையெதையோ படித்து ஒரு இலவச மென்பொருளை இறக்கினாள். அது புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை உருவாக்குமாம். அதற்குள் கேம் ஓடுமாம்.

ஓடியது. பழைய இசை கொர்ரென்று கிளம்பியது. லிஃப்ட்காரர் கையை நீட்டினார்.

"கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க. அது எனக்குச் சோறு போடற கீபோர்டு" என்றாள்.

கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். விசையைத் தொட்டார். விமானம் முதல் குகையின் சுவரில் மோதிச் சிதறியது. இன்னொரு தடவை. கண் இமைப்பதற்குள் சிதறியது. குகை எது, சுவர் எது என்றே தெரியவில்லை. இருட்டும்வரை மண்ணைக் கவ்வினார். பிறகு வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். மனைவி கேலி செய்யவில்லை. அவருடைய ஆபீஸ் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

நாற்காலி அவர் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. இன்னொருத்தன் குழிக்குள் இறங்க, இவர் போனில் மாடி கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் யாரும் நெட்டையின் பேரை எடுக்கவில்லை, இவர் இருக்கிறார் என்பதால்.

ஒரு மத்தியானம் ஒருவர் லிஃப்டிலிருந்து அழைத்தார். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். விளக்கும் அணைந்துவிட்டது. "சார், மூச்சு முட்டுது சார், கயிறு அறுந்துடுமா சார்?" என்று அழுதார். ஆள் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவரைப் பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்த நாற்காலியின் விதி.

"நீங்க என்ன வேலை சார் பாக்கறீங்க?"

"கம்ப்யூட்டர் ரிப்பேர்."

லிஃப்ட்காரர் விமானக் கதையைச் சொன்னார். அழுகை பாதியில் நின்றது.

"இருங்க, இருங்க. முதல் குகையிலேயே மோதுதா? பழைய கேமுக்குத் தனி வேகம் கிடையாது சார். கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமோ அதுவும் அவ்வளவு வேகம். புதுசுல பேய் மாதிரி ஓடும்."

"அப்ப என் கை மேல தப்பில்லையா?"

"கேளுங்க. உள்ளுக்குள்ள பழைய கம்ப்யூட்டர் பண்ணிட்டீங்கன்னீங்களே, அது தானா அடக்கித்தான் ஓட்டும். இப்படிப் பறக்குதுன்னா யாரோ ரெண்டு விசையைச் சேத்து அழுத்தி வேகத்தை ஏத்தியிருக்காங்க. வீட்டுல வேற யார் தொடுவாங்க?"

லிஃப்ட்காரருக்கு நிர்வாகியின் ஞாபகம் வந்தது. அதற்குள் போனில் லிஃப்ட் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. "ரெண்டு நிமிஷம் வெளியவே நில்லுப்பா, இவருக்குச் சொல்லி முடிச்சிடறேன்" என்று மெக்கானிக்கை விரட்டினார் மாட்டிக்கொண்டிருந்தவர்.

அன்று வீட்டுக்குள் நுழையும்போதே லிஃப்ட்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வேகத்தைக் கூட்டினது யாரு?"

"நான்தான்" என்றாள் மனைவி. கொஞ்சம் மழுப்புவாள் என்று எதிர்பார்த்து வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசனம் வீணாகப் போனது.

"நான் கை கழுவப் போனப்பதானே? திருட்டுத்தனம்! பந்தயம் செல்லாது. நாளைக்கே குழிக்குப் போறேன்!"

"போங்க" என்றாள். அடித்துக்கொண்டிருந்த அறிக்கையை மூடினாள். விமானத்தைத் திறந்தாள். அவர் கண் முன்னாலேயே விசைகளை அழுத்தி வேகத்தைக் குறைத்தாள். "இதான் பழைய வேகம். தாண்டிட்டுப் போங்க."

விமானம் இப்போது சாவகாசமாக வந்தது. முதல் குகையைத் தாண்டியது. லிஃப்ட்காரர் அவளைப் பார்த்து மீசையை முறுக்கினார், இடது கையால். இரண்டாவது குகையில் ஒரு வளைவு. அந்த வளைவு அவருக்கு மனப்பாடம். இப்போது திருப்ப வேண்டும் என்று தெரிந்தது. விரலுக்கும் சொன்னார். விரல் கேட்டது, யோசித்தது, அழுத்தியது. அதற்குள் சுவர் வந்துவிட்டது.

மறுபடியும். மறுபடியும் அதே வளைவு. உன்னிப்பாகப் பார்த்தும், மூச்சைப் பிடித்தும், கைமுட்டியை மேஜையில் ஊன்றியும் பார்த்தார். மூன்றாவது குகையின் வாசலைக்கூட அவர் பார்க்கவில்லை. இதே விரல்தான் நாளைக்குக் குழிக்குள் கம்பியைப் பிடிக்கப் போகிறது என்று நினைத்தார். நெட்டை போன பிறகு முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது. அதை அவரே ஒப்புக்கொண்டு அழுதார்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த வேகத்துலயே விட்டிருந்தாலும் நீதானே ஜெயிச்சிருப்ப" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"தெரியும். உங்க சட்டைக்குத் தினம் பொத்தான் போட்டு விடறவ நான்தானே."

"அப்புறம் எதுக்கு இந்தத் தில்லுமுல்லு?"

"தோத்ததுக்குக் கைக்குப் பதிலா திட்ட உங்களுக்கு ஒரு கம்ப்யூட்டராவது இருக்கட்டும்னுதான் வேகத்தைக் கூட்டி வெச்சேன். அதையும் கெடுத்துக்கிட்டீங்க."