வாரம் ஒரு புகார்

எந்தப் பூகோளப் புத்தகத்திலும் இடம்பிடிக்காத ஒப்பிலாபுரியை அகண்டவர்மர் ஆண்டுவந்தார். அவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார், பெயர் வீரசம்பந்தர். மைத்துனர் என்று இருந்தால் அவருக்கு ஒரு துறை வேண்டாமா? இருந்த துறைகளெல்லாம் மற்ற மைத்துனர்களிடம் போயிருந்ததால், அண்டை வீட்டார் நல்லிணக்கத் துறை என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி அவரை அமைச்சராக்கினார்கள்.

ஆறு மாதம் ஆயிற்று. ஒருவரும் படியேறி வரவில்லை. அக்கம்பக்கத்தில் சண்டை வராமல் இல்லை. காலையில் வந்த சண்டை மாலைக்குள் ஒரு கிண்ணம் ரசத்தோடு தீர்ந்துபோனது. ஈ ஓட்டி அலுத்த அமைச்சர் ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, நாட்டில் புகாரே இல்லை. நிலைமை கவலைக்கிடம். மக்கள் ஏதோ திட்டமிட்டு ஒற்றுமையாக இருக்கிறார்கள்."

ராஜா உடனே ஓலையும் எழுத்தாணியும் கொண்டுவரச் சொன்னார். மறுநாளே தண்டோரா போட்டார்கள். ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டைப் பற்றி வாரம் ஒரு புகார் தரவேண்டும். தராத இரு வீடுகள் கூட்டுச்சதி செய்வதாகக் கருதி, நடுவே சர்க்கார் சுவர் எழுப்பப்படும்.

கோட்டைத் தெருப் பூங்காவனத்துக்குத் திக்கென்றது. கணவன் போன பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே துணை பக்கத்து வீட்டு ரஞ்சிதம்தான். இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு வேலிகூடக் கிடையாது. காய்ச்சலில் கிடந்தவளைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி புகட்டியவள் ரஞ்சிதம். சுவர் வந்தால் தன் கதி என்ன என்று பூங்காவனம் கண்ணைக் கசக்கினாள்.

"இதுக்கா அழறீங்கக்கா? என்னப் பத்தி என்ன எழுதணும்னு நானே சொல்றேன். என் முருங்கை மரம் உங்க கொல்லையில இலையக் கொட்டுதுன்னு எழுதுங்க" என்றாள் ரஞ்சிதம்.

"அப்போ என் சேவல் விடியறதுக்கு முந்தியே கூவுதுன்னு நீ எழுதுடி."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தபடி எழுதிக் கொடுத்தார்கள். தெருவே அப்படித்தான் செய்தது.

ஆனால் புகார் வாங்கும் ஆய்வாளர் நெடுஞ்செவியார் லேசுப்பட்டவர் இல்லை. ஐந்தாவது வாரம் முருங்கை இலையைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மணி, இந்த மரம் சென்ற மாதமே இலை உதிர்த்தாயிற்று. ஒரே புகாரை இருமுறை அளிப்பது அரசை அவமதிப்பதாகும். தாங்கள் அண்டை வீட்டாரைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். கவனித்தால் கட்டாயம் கிடைக்கும்."

கவனித்தாள். கிடைக்கவும் செய்தது, அதுதான் பரிதாபம். ரஞ்சிதம் இரவல் வாங்கிய முறத்தை ஒரு வாரம் வைத்துக்கொள்கிறாள். பாத்திரம் துலக்கும்போது ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாள், அதுவும் சுருதியே சேராமல். இத்தனை வருடம் இதெல்லாம் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று பூங்காவனத்துக்கே வியப்பு. முன்பு சொல்லிவிட்டு எழுதியவள், இப்போது சொல்லாமல் எழுதினாள். அந்தப் பக்கமும் ஒரு ஜோடிக் கண் தன்னையே பார்ப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அந்த நேரம் பார்த்து இன்னோர் ஆணை வந்தது. அரசாங்கத்துக்கும் மக்களுக்கும் ஒளிவுமறைவு கூடாதாகையால், எல்லாப் புகார்களும் வெள்ளிக்கிழமைதோறும் நாற்சந்தியில் உரக்கப் படிக்கப்படும்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை நெடுஞ்செவியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்: "கோட்டைத் தெரு ரஞ்சிதம் அளித்த புகார். பூங்காவனம் என்பவர் நாள்தோறும் எனக்குக் குழம்பு தருகிறார். வாயில் வைக்க முடியாது. பன்னிரண்டு வருடமாக மாட்டுத் தொட்டியில் ஊற்றிவருகிறேன். இப்போது மாடும் குடிப்பதில்லை."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பூங்காவனம் கூட்டத்தைவிட்டு விலகி விறுவிறுவென்று நடந்தாள். சேவலைச் சொல்லியிருக்கலாம், குறட்டையைச் சொல்லியிருக்கலாம். குழம்பையா சொல்வாள்?

ரஞ்சிதம் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, வேற எதுவுமே மிச்சமில்லக்கா. அந்த ஆளு விடமாட்டேங்கிறான்..."

"பன்னெண்டு வருஷம்டி! ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"நீங்க மட்டும் யோக்கியமா? நான் பாடினா காக்காகூடப் பறந்துடுதுன்னு எழுதலியா? போன வாரமே படிச்சாங்களே!"

மறுநாள் காலை துறைக்கு இரண்டு மனுக்கள் வந்தன. இரண்டுமே சுவர் கேட்டவை. இந்த முறை அவர்கள் கலந்துபேசி எழுதவில்லை.

சுவரை அமைச்சரே ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். "நமது ஆட்சி மட்டும் இல்லாதிருந்தால், இவ்விரு வீட்டாரும் எப்போதோ ஒருவரையொருவர் கடித்துக் குதறியிருப்பார்கள்!" என்று அவர் தழுதழுத்தபோது, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைதட்டல் கேட்டது.

அடுத்த மாதம் தேர்தல். ஒப்பிலாபுரியில் ராஜாவுக்கும் தேர்தல் உண்டு, ஆனால் ஓட்டைச் சத்தமாகச் சொல்லவேண்டும். ரகசியம் நல்லிணக்கத்துக்கு ஆகாதாம். வரிசையில் முன்னால் நின்ற ரஞ்சிதம், பின்னால் நிற்பது யார் என்று தெரிந்தும் திரும்பாமல் சொன்னாள்:

"என் ஓட்டு மகாராஜாவுக்குத்தான். அவரு இல்லேன்னா பக்கத்து வீட்டுக்காரிகிட்டேர்ந்து என்னை யாரு காப்பாத்துவா?"

பூங்காவனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே வார்த்தையைத்தான் சொல்லவேண்டும் என்று காலையிலிருந்து அவள் நினைத்துவைத்திருந்தாள். அதையும் பிடுங்கிக்கொண்டாளே பாதகத்தி! அடுத்த வாரப் புகாருக்கு இனி அலையவேண்டியதில்லை என்ற நிம்மதியோடு, அவளும் மகாராஜாவுக்கே ஓட்டுப் போட்டாள்.