பதினைந்தாவது கைகுலுக்கல்

சமாதானப் பிராணி என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒன்றாவது நடமாடும். சண்டை வாசம் பட்டால் போதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடி வரும். யார் யாரை அடித்தார், எதற்கு அடித்தார் என்ற விவரமெல்லாம் அதற்கு அநாவசியம்.

நம் தெருப் பிராணி, பிள்ளைகளுக்கான பேட்மிண்டன் கிளப்பின் செயலாளர். மற்ற நேரத்தில் இரும்புக்கடை. யார் எதை உடைத்துக்கொண்டு வந்தாலும் ஒரு சொட்டுப் பசை வைத்து, அழுத்திப் பிடித்து, ஒட்டிக் கொடுத்துவிடுவார். கிளப்பிலும் அதே வைத்தியம்தான். ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால், அழவைத்த பிள்ளையையும் இழுத்து வந்து சுவரோரம் நிறுத்துவார்.

"ரெண்டு பேரும் கை குடுங்க. சிரிங்க. அங்கிள் படம் எடுக்கறேன்."

படம் சுவரில் ஏறும். புகார் நோட்டில் 'சுமுகமாக முடிந்தது' என்று ஏறும். அந்த வரியை எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, உலகப் போரை நிறுத்தியவர்கூடத் தோற்றுப்போவார்.

கிளப்பிலேயே சின்னவள் ஒரு தையல்காரம்மாவின் மகள். நெட்டை என்கிற பெரிய பெண் அவளுக்கு வைத்த பேர் கொசு. அவள் கோர்ட்டுக்குள் கால் வைத்தால் நெட்டையும் கூட்டமும் கொசு அடிப்பதுபோல் பட் பட்டென்று கைதட்டுவார்கள். புகார் போயிற்று.

"செல்லமா கூப்பிடறாங்கம்மா. கை குடு."

நெட்டை கொடுத்தாள். விரல் நொறுங்குகிற மாதிரி கொடுத்தாள். கொசுவின் கண்ணில் தண்ணீர்.

"அப்படித்தான், நல்லா அழுத்திக் குடுங்க. படத்துல பாசம் தெரியணும்ல?"

அப்புறம் தண்ணீர் பாட்டிலில் மண் விழுந்தது, ஒரு படம். ஜோடி ஆட்டத்தில் யாருமே அவளோடு சேர மாட்டோம் என்றார்கள், இன்னொரு படம். இப்படியே சுவர் நிறைந்துகொண்டு வந்தது.

அணித் தேர்வு அன்று கொசுவின் ஷூவைக் காணோம். ஷூ இல்லாமல் கோர்ட்டில் விட மாட்டார்கள். பத்து நிமிஷத்தில் அவள் பேரைக் கூப்பிடுவார்கள். ஒரு வருஷமாக அவள் காத்திருந்த ஆட்டம். செயலாளர் வந்தார், நெட்டையை நிறுத்தினார், கைப்பேசியைத் தூக்கினார்.

"கை வேணாம் அங்கிள். ஷூ எங்கேன்னு கேளுங்க" என்றாள் கொசு.

"ஒரு ஷூவுக்காக ஃப்ரெண்ட்ஷிப்பைக் கெடுத்துக்கலாமாம்மா?"

மகள் ஆட்டத்தைப் பார்க்கக் கழுத்தில் அளவு டேப்போடு வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்த கொசுவின் அம்மா, அப்போதுதான் அந்தச் சுவரைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினாலு.

"சார், எல்லாப் படத்துலயும் எம்பொண்ணு இருக்காளே?"

"ஆமாம்மா. எப்படி ஒத்துழைக்கிற பிள்ளை, பாருங்க."

அம்மா நெட்டை பக்கம் திரும்பினாள்.

"ஷூ எங்கேம்மா?"

"தண்ணி டேங்க் மேல, ஆன்ட்டி."

"யாரு வெச்சது?"

"நான்தான்."

"அப்ப நீயே போய் எடுத்துட்டு வா."

அவ்வளவுதான் விஷயம். பதினாலு படம் எடுத்த நேரத்தில் யாரும் கேட்காத இரண்டே கேள்வி. எல்லோரும் பார்க்க, நெட்டை ஏணியில் ஏறி இறங்கினாள். ஷூ வந்தது. கயிறு கட்ட நேரமும் இருந்தது.

செயலாளருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீங்களா, சமாதானமாப் போனா எல்லாம் கிடைக்கும். ரெண்டு பேரும் வாங்க, ஒரு படம்."

கொசு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்புறம் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினாள். அன்றைக்கு யாரும் கொசு அடிக்கவில்லை. பதினைந்தாவது படத்துக்கென்று ஒதுக்கிய இடம் மட்டும் சுவரில் காலியாகக் கிடக்கிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மன்னிக்கவே தெரியலை" என்று இன்றைக்கும் அவர் கடையில் அங்கலாய்க்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் சின்னது அழுதுகொண்டு வந்து நின்றபோது, கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் "ரெண்டு பேரும் சேந்துக்குங்க" என்றது யார்? கிள்ளியது யார் என்று கேட்டீர்களா? இப்போது அதைக் கூப்பிட்டு உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். அது தன் கையைப் பின்னால் கொண்டுபோனால், கிளப் சுவரில் அந்தப் பதினைந்தாவது இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் படத்தை மாட்டிக்கொள்ளலாம்.