வெறும் வயிற்றில் வரவும்

இந்த முறையும் ஆபரேஷன் நடக்கக் கூடாது என்று பூமிநாதன் முடிவு செய்துவிட்டார். முடிவு செய்த இடம் காரைக்கால்மேட்டில் அவருடைய வீட்டுக் கொல்லைப்புறம். நேரம், அவர் மனைவி மலர்க்கொடி அவருடைய தொப்புளைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். ஆபரேஷனில் முதல் ஓட்டை தொப்புளில்தானாம், சுத்தமாக வரச் சொல்லியிருந்தார்கள். ஐம்பத்து நான்கு வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத இடம். மலர்க்கொடி பாத்திரம் விளக்குவதுபோல விளக்கினாள்.

“மெதுவா, மலரு. டாக்டருக்கு முன்னாடி நீயே ஓட்டை போட்டுடாதே.”

“சும்மா இருங்க. உள்ள பாதிக் கடற்கரை இருக்கு.”

பூமிநாதன் மீன் ஏலம் கூறுகிறவர். எந்த வியாபாரி மனசுக்குள் என்ன விலை வைத்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். தன் பித்தப்பைக்குள் கல் இருந்தது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஏலத்தின் நடுவே வலி வந்து, சூரை மீன் குவியல்மேலேயே சுருண்டு விழுந்தார். தூரத்தில் நின்ற வியாபாரி ஒருவன் அவரையும் சேர்த்து விலை கேட்டதாகப் பேச்சு.

தஞ்சாவூர் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். கல் நகர்ந்து குழாயில் அடைத்தால் மஞ்சள் காமாலை, அதற்குப் பிறகு தன் கையில் இல்லை. இப்போது செய்தால் வயிற்றைக் கிழிக்க வேண்டாம், நாலு சின்ன ஓட்டை போதும். சொல்லிவிட்டு ஒரு தாள் கொடுத்தார். அதன் தலைப்பைப் படித்த நாளிலிருந்து பூமிநாதனுக்குத் தூக்கம் போயிற்று. ‘சாவித்துவார அறுவை சிகிச்சை.’

“பேர்லயே சாவு இருக்கு, பாத்தியா?”

“அது சாவு இல்லீங்க, சாவி.”

“ஒரு எழுத்துதானே வித்தியாசம்.”

“இங்கிலீசுல வேற பேரு சொன்னாங்களே, லேப்ராஸ் காப்பின்னு.”

“காப்பி குடிக்கக் கூடாதாம், பேர்ல மட்டும் காப்பியாம்.”

ஐஸ் வண்டி மன்சூர் அலி ஆறுதல் சொல்ல வந்தார். “எங்க மாமாவுக்கும் இதே நாலு ஓட்டைதான். நல்லாத்தான் இருந்தாரு.”

“இருந்தாருன்னா?”

“இப்பவும் நாகூர்ல இருக்காரு, அண்ணே.”

அந்த ‘இப்பவும்’ வந்து சேர்வதற்குள் பூமிநாதனுக்கு வேர்த்துவிட்டது.

முதல் தடவை போனது மூன்று வாரத்துக்கு முன்னால். தாளின் அடியில் ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்று கோடு போட்டு எழுதியிருந்தது. பூமிநாதன் அதை அப்படியே கடைப்பிடித்தார். வாசலில் நர்ஸ் அன்னபூரணி விசாரித்தாள். பேர் அன்னபூரணி, வேலை யாரும் எதுவும் தின்னாமல் பார்த்துக்கொள்வது.

“ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“ஒண்ணுமில்லீங்க, வெறும் வயிறு. வெறும் வயித்துல ஒரு டீ குடிச்சேன், அவ்வளவுதான்.”

பேனா நின்றது. “டீ குடிச்சா அது எப்படிங்க வெறும் வயிறு?”

“டீயை எல்லாரும் வெறும் வயித்துலதானே குடிக்கறோம்?”

பால் விட்ட டீ. மயக்க மருந்து கொடுக்க முடியாதென்று சொல்லி மூன்று வாரம் தள்ளிவைத்துவிட்டார்கள். திரும்பி வந்த பஸ்ஸில் மலர்க்கொடி வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். பூமிநாதன் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் கணக்குப் போட்டார். ஒரு டீக்கு மூன்று வாரம். அப்படியென்றால் நாலு இட்லிக்கு ஒரு மாதமாவது கிடைக்கும்.

இரண்டாவது தேதியை மலர்க்கொடியே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வாங்கினாள். வியாழக்கிழமை என்றாள். சீட்டு அவள் பையில் இருந்தது, அதுவும் டாக்டர் கையெழுத்தில், அதுவும் இங்கிலீஷில். பூமிநாதன் அதைப் பார்க்கவும் இல்லை. அவர் கவலை எல்லாம் இட்லியில் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவர் கடைசி ஏற்பாடுகளைச் சொன்னார். மலர்க்கொடி மத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்த மீசை வச்ச போட்டோவைத்தான் மாட்டணும்.”

“அதுல பக்கத்துல நானும்ல நிக்கறேன்.”

“உன்னை வெட்டிட்டு மாட்டு.”

“என் தோள்மேல உங்க கை இருக்குது. கையை என்ன பண்றது?”

செத்த பிறகும் ஒரு கை இல்லாமல் சுவரில் தொங்கவேண்டி வருமோ என்று நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மலர்க்கொடி அரிவாள்மனையை ஓரமாக வைத்தாள்.

“என் தம்பியைக் கடல் கொண்டுபோனப்ப முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லலை. சுனாமி வந்து மூணு வருசம் ஆவப்போவுது, இன்னும் நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னு தலை வார்றதில்லை. உங்களுக்கு டாக்டரு முன்கூட்டியே சொல்லிட்டாரு. சொன்னப்புறமும் உங்களை விட்டுக்குடுத்துட்டு உக்காந்திருக்க என்னால முடியாதுங்க.”

பூமிநாதனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை பஸ் திருவாரூரில் பத்து நிமிடம் நின்றது. ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று இறங்கினார். “மெதுவா வாங்க, பஸ் நிக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு மலர்க்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்ட் கடையில் நாலு இட்லி, ஒரு வடை, பால் தூக்கலாக ஒரு டீ. மென்று தின்ன நேரமில்லை, விழுங்கினார். ஒவ்வொரு இட்லி இறங்கும்போதும் ஒரு வாரம் ஆயுள் ஏறியது.

தஞ்சாவூர் வருவதற்குள் முகத்தைத் தயார் செய்துவிட்டார். அன்னபூரணி பேனாவோடு வந்தாள்.

“ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. தலை சுத்திச்சு, வழியில நாலு இட்லி சாப்பிட்டுட்டேன். வடையும். டீயும். நீங்க என்னைத் திட்டினாலும் சரி, திருப்பி அனுப்பினாலும் சரி.”

“எதுக்குத் திட்டணும்? பஸ்ல வர்றவங்க சாப்பிட்டுத்தான் வரணும். ராத்திரி எட்டு மணிக்குக் கஞ்சி தருவோம். அதுக்கப்புறம்தான் ஒண்ணும் கூடாது.”

“அப்ப ஆபரேஷன்?”

“நாளைக்குத்தானே?”

பூமிநாதன் மெல்லத் திரும்பிப் பார்த்தார். மலர்க்கொடி அவருடைய மாற்றுச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“வியாழக்கிழமைன்னு சொன்னியே.”

“வியாழக்கிழமை படுக்கைக்கு. ஒரு நாள் முன்னாடியே சேத்துக்கங்கன்னு நான்தான் போன்ல கெஞ்சிக் கேட்டேன். நீங்க வழியில சாப்பிடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? வடை சூடா இருந்துச்சா?”

முப்பது வருடமாக வியாபாரிகளின் முகத்தைப் படித்தவர். அந்த முகத்தைப் படிக்க அவருக்கு அப்போதும் தெரியவில்லை.

முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். வேட்டியும் செருப்பும் மலர்க்கொடியின் பைக்குள் போய்விட்டன. அந்த அங்கியோடு காரைக்காலுக்கு ஓடுவதென்றால் சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டே போகவேண்டும். அடுத்ததாக அன்னபூரணி கத்தரிக்கோலை எடுத்து, “அரைஞாண் கயிறு இருக்கக் கூடாது, வெட்டிடறேன்” என்றாள்.

பூமிநாதன் இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டார். அவர் பார்த்தவரையில் அரைஞாணை அறுப்பது பிணத்துக்குத்தான். அவருடைய அப்பாவுக்கு அவரே அறுத்திருக்கிறார்.

“வேண்டாங்க” என்று மலர்க்கொடி குறுக்கே வந்தாள். “நான் அவுத்துடறேன்.” பத்து வருடமாக இறுகிக் கிடந்த முடிச்சை நகத்தால் நெம்பி, பல்லால் கடித்து, பொறுமையாக அவிழ்த்தாள். கயிற்றைத் தன் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். “நீங்க கண்ணு முழிச்சதும் திருப்பிக் கட்டிவிடறேன். அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்.”

கட்டின முடிச்சை அவள் மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்ததை அவர் கவனித்தார்.

“உனக்கும் பயமா இருக்கா, மலரு?”

“இல்லாம? நான் என்ன கல்லா?”

“கல்லு எங்கிட்டதான் இருக்கு” என்றார் பூமிநாதன். அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அவளுக்காகவாவது இந்தச் சாவித்துவாரத்துக்குள் நுழைந்து வெளியே வந்துவிடவேண்டும் என்று அந்த நிமிடம் அவர் மனதார நினைத்தார். நிமிடம் முடிந்தது. கஞ்சிக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே ஒரு டீக்கு இடம் இருக்குமா என்று தோன்றியது. அன்னபூரணி பக்கம் திரும்பி, ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார்.

“ஆபரேஷன் நாளைக்கு எத்தனை மணிக்குங்க?”

அன்னபூரணி மலர்க்கொடியைப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

“அதை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க.”