வாய் திறக்காத வக்கீல் சம்பந்தி

விமான் நகர், புனே
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்திம்பேருக்கு,

பத்ரிநாத் நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். கோயம்புத்தூரில் நீங்களும் விசாலம் அக்காவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, போடவே இல்லை என்று சாதிப்பாள். பின்னால் உங்கள் வீட்டு வேலைக்காரி சிரிப்பது எனக்குக் கேட்கும்.

விஷயம் என் பெண் ஸ்நேஹாவுக்கு நீங்கள் பார்த்திருக்கும் வரன். பையன் முகுந்த் மீது எனக்கு இப்போதைக்குச் சந்தேகம் இல்லை. இங்கேதான் ஹிஞ்சேவாடியில் வேலை, வீடு திரும்பத் தாமதமானால் ட்ராஃபிக் என்கிறான். அந்த ட்ராஃபிக்கில் நானே மாட்டியிருப்பதால் நம்பினேன். என் சந்தேகமெல்லாம் அவன் அப்பா மேல். பிரபல வக்கீல், பிரபல வக்கீல் என்று நீங்கள் தலையில் வைத்துக் கூத்தாடுகிறீர்களே, அந்த ஸ்வாமிநாதன் மேல்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாள் மலரை அனுப்பியிருந்தீர்கள். லோஹேகாவ் விமானப்படை அலுவலகத்தில் காலமெல்லாம் ஆடிட் பார்த்தவன் நான், ஒரு வரி விடாமல் படித்தேன். அப்பா இங்கே கட்கியில் சாதாரண குமாஸ்தாவாம், இவர் பகலில் டைப் அடித்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தாராம், மராத்தியிலேயே வாதாடி மராத்திக்காரர்களை மூக்கில் விரல் வைக்கச் செய்தாராம். சரி, இருக்கட்டும். ஜட்ஜ் பதவி வீடு தேடி வந்ததாம், வேண்டாம் என்றாராம். யாராவது வேண்டாம் என்பார்களா அத்திம்பேர்? கொடுத்திருக்கவே மாட்டார்கள். ரோடு அகலப்படுத்தியபோது கடையை இழந்த காய்கறிக்காரர்களுக்காக ஃபீஸே வாங்காமல் வருஷக்கணக்கில் வழக்காடி ஜெயித்தாராம். ஏன் வாங்கவில்லை? ஃபீஸ் கொடுக்கிற கட்சிக்காரன் எவனும் இவர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

போன வாரம் பெண் பார்க்க வந்தார்கள். மனுஷர் சோபாவில் உட்கார்ந்தார், உட்கார்ந்தே இருந்தார். என் பெண்டாட்டி ஆனந்தவல்லி காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். "போறும்" என்றார். கேஸெல்லாம் எப்படிப் போறது என்று நான் தூண்டில் போட்டேன். "போறது" என்றார். தலைக்கு மேல் விமானம் போகும்போது இந்தப் பேட்டையில் எல்லோரும் பேச்சை நிறுத்துவோம், அது போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்போம். இவர் மட்டும் ஆரம்பிக்கவே இல்லை. அவர்கள் போனபின், "பேசாத சம்பந்தி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். அவளுக்கு என்ன உள்நோக்கமோ.

பேச்சே வராத ஒருத்தர் கோர்ட்டில் என்ன கிழிப்பார்? நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று செவ்வாய்க்கிழமை தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ரிக்‌ஷா பிடித்து சிவாஜிநகர் கோர்ட்டுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அண்ணன் தம்பி சொத்துத் தகராறு. படுக்கையில் கிடந்த அம்மாவைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன், வீடு எனக்குத்தான் என்கிறான் அண்ணன். அவன் வக்கீல் கையை வீசி வீசி முழங்கினார் பாருங்கள், அடடா, காது குளிர்ந்தது. நம் ஆள் தம்பி கட்சி. மெல்ல எழுந்தார். கூண்டில் நின்ற அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி: "அம்மாவோட மருந்தெல்லாம் வீட்டில எங்க வெச்சிருந்தேள்?" என்று மராத்தியில் கேட்டார். அவன் முழித்தான். அலமாரி என்றான், இல்லை, ஃப்ரிட்ஜ் என்றான், அப்புறம் தண்ணீர் கேட்டான். இவர் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான்! இதுவா வக்கீல் கேட்கிற கேள்வி? இதை மருந்துக்கடைக்காரன் கேட்பானே! பக்கத்திலிருந்த பெரியவர் என் தொடையைத் தட்டி, "கேஸ் ஸம்ப்லீ," முடிந்துவிட்டது என்று பரவசப்படுகிறார். அவரையும் இவரே ஏற்பாடு பண்ணி உட்காரவைத்திருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம். தீர்மானமாகச் சொல்கிறேன். வாயைத் திறக்காதவர் மனதில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? ஸ்நேஹா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாளாக என்னோடு சாப்பிட உட்காரவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லைதான். ஆனாலும் பெற்றவன் நான்தானே பார்த்துச் செய்ய வேண்டும்? நீங்களே பக்குவமாக அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு என் நமஸ்காரம், பேரன் பேத்திகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
பத்ரிநாத்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் காலிங் பெல் அடித்தது. சாட்சாத் ஸ்வாமிநாதன், தனியாக. "செவ்வாய்க்கிழமை தொப்பி நன்னா இருந்தது" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். கவரைப் பேப்பருக்கு அடியில் தள்ளினேன். பிறகு ஒரே ஒரு கேள்வி: "ஸ்நேஹாவுக்கு இதுவரைக்கும் வந்த வரன்கள்ல எதை உங்களுக்குப் பிடிச்சுது?"

கேட்பானேன் என்று ஆரம்பித்தேன். பேங்க் பையன் அதிகமாகச் சிரித்தான். சென்னைப் பையன் சிரிக்கவே இல்லை. டாக்டர் பையனுக்கு... டாக்டர் பையனுக்கு என்ன குறை என்று யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை உதவவில்லை. அப்புறம் என் வாயிலிருந்தே வந்துவிட்டது அத்திம்பேர்: "எவனானாலும் அவளை அழைச்சுண்டு போயிடுவானே!" இதே ஊர், ஹிஞ்சேவாடிதான், தெரிகிறது. இருந்தும் சம்பந்தி முன்னால் குழந்தை மாதிரி அழுதுவிட்டேன். அவர் தன் கைக்குட்டையை நீட்டி, "எனக்கு ரெண்டு பொண்ணு. இந்தக் கேஸ்ல நான் ரெண்டு தடவை தோத்திருக்கேன்" என்றார்.

மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பாருங்கள். சபையில் என்னை அவர் பக்கத்தில் மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள், இன்னொரு கேள்வி கேட்டாரானால் தாங்கமாட்டேன்.