மூடி திறக்காத கேத்தல்

ஹாட்வெயார் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு நோய் உண்டு. ஊரே வந்து, "முதலாளி, பைப் ஒழுகுது, என்ன செய்ய?" என்று கேட்கும். சொன்ன யோசனை நாலு தடவை பலித்துவிட்டால் போதும், ஐந்தாவது ஆளுக்குக் கல்யாணம், கண் ஆபரேஷன் பற்றியெல்லாம் யோசனை சொல்லத் தொடங்கிவிடுவான். மாத்தளையில் எனக்கு இந்த நோய் முற்றியிருந்த காலத்தில்தான் டொக்டர் இன்னொரு நோயையும் கண்டுபிடித்தார். பிரஷர்.

"மனசுக்கு அமைதியா ஏதாவது கைவேலை பழகுங்க" என்றார். மனைவி ரிஸானா என்னை ஒரு மட்பாண்ட வகுப்பில் சேர்த்துவிட்டாள். (ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இல்லாவிட்டால் அவளுடைய பிரஷரும் இறங்கும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.)

களிமண்ணுக்கு நான் முதலாளி என்பது தெரியவில்லை. சக்கரத்தில் வைத்த முதல் உருண்டை, எதிரே இருந்த ரிட்டயர்ட் போஸ்ட் மாஸ்டரின் மடிக்குப் பறந்தது. சூப் கோப்பை என்று தொடங்கியது சாம்பல் தட்டாக முடிந்தது. எங்கள் வீட்டில் யாரும் சிகரெட் குடிப்பதில்லை. பூச்சாடியோ, நாலந்தாப் பக்கம் பஸ் வளையும்போது மிதிபலகையில் தொங்குகிறவனைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எல்லாவற்றையும் கண்ணாடி அலுமாரியில் வைத்தேன். உம்மா அந்தப் பக்கம் பார்க்காமலேயே தூசு தட்டுவார்.

அந்த நேரத்தில்தான் தங்கச்சி ஷிஃபானாவுக்கு ஒரு நல்ல இடம் பேசி வந்தது. பையனின் வாப்பா பெரிய ஹாஜியார். சிரித்ததை யாரும் கண்டதில்லையாம். அவர்கள் பெண் பார்க்க வரும் நாளில், என் கையால் செய்த கேத்தலில்தான் தேத்தண்ணி ஊற்றுவது என்று வீட்டில் அறிவித்தேன்.

"நானா, என்னைப் பார்க்கத்தானே வர்றாங்க?" என்றாள் ஷிஃபானா. (எங்களில் அண்ணன் என்றால் நானா.)

கேத்தல் உண்மையிலேயே அழகாக வந்தது. கடைசிச் சூளைக்கு முன் பளபளப்புப் பூச்சு பூச வேண்டும். வகுப்பு மிஸ் சிங்களத்தில் மிகப் பணிவாகச் சொன்னார்: "முதலாளி, மூடி உட்காருகிற விளிம்பில் மட்டும் பூசாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும்." எனக்குச் சிரிப்பு வந்தது. ஒழுகாமல் இருக்க என்ன செய்வதென்று எனக்கா சொல்கிறார்? அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் விளிம்புக்கு இரண்டு தடவை பூசினேன்.

சூளையிலிருந்து வந்தபோது கேத்தலும் மூடியும் ஒரே உடலாகியிருந்தன. ஈருயிர் ஓருடல்.

"மூடியத் திறங்க பாப்பம்" என்றாள் ரிஸானா.

"இது புது மாதிரி. ஆவி வெளிய போகாது."

"தேத்தண்ணியே உள்ள போகாதே!"

போகும். அதற்கு வழி இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, நான் குசினியில் கேத்தலின் மூக்கில் கடைப் புனல் ஒன்றைச் செருகி, ஸ்டீல் கேத்தலிலிருந்து தேத்தண்ணியைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்த காற்று, குறட்டை விடுவதுபோல் சத்தம் போட்டது.

"நேரா கோப்பையில ஊத்தினா என்னங்க?" என்றாள் ரிஸானா. இவ்வளவு எளிமையான யோசனைகளை நான் அப்போது மதிப்பதில்லை.

தட்டத்தில் வைத்து நானே கொண்டுபோனேன். ஹாஜியார் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. பக்கத்தில் மாப்பிள்ளை அஸ்லம், தரையைப் பார்த்தபடி. ஷிஃபானா உம்மாவோடு கதவருகே நின்றாள். இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தும் பேச்சு சூடு பிடிக்கவில்லை.

"சீனி போட்டிருக்கா? எனக்கு சீனி வருத்தம், இனிப்பு கூடாது" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் பார்ப்பதற்காக மூடியைத் தூக்கினார். மூடியோடு கேத்தலும் எழுந்து வந்தது. ஒரு குலுக்குக் குலுக்கினார். வரவில்லை.

"அது திறக்க ஏலாது, ஹாஜியார்" என்றேன்.

கேத்தலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப தேத்தண்ணி எப்படி உள்ளுக்குப் போச்சி?"

நாற்பது வகை ஆணிக்கு அளவு சொல்லத் தெரிந்த நான், வட்டிலப்பத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். பதில் கதவருகே இருந்துதான் வந்தது.

"மூக்கால, மாமா" என்றாள் ஷிஃபானா. "நானா புனல் வெச்சி ஊத்தினாரு."

உம்மா அவள் கையைக் கிள்ளினார். மாப்பிள்ளை முதன்முறையாகத் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். உடனே கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஹாஜியாரோ, மூடிக்கிடப்பதைத் திறக்காமல் விடுகிற ஆள் இல்லை. "நீங்க அங்கால பிடிங்க" என்றார். நான் கேத்தலின் வயிற்றைக் கட்டிப்பிடித்தேன். அவர் மூடியின் குமிழைப் பிடித்து இழுத்தார். மூக்கு அவரைப் பார்த்திருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. "டக்" என்றது. குமிழ் மட்டும் அவர் கையோடு போக, அவர் சோபாவில் மல்லாக்க விழ, நான் கேத்தலோடு முன்னால் சரிய, அத்தனை தேத்தண்ணியும் மூக்கு வழியாக அவர் முகத்திலும் தாடியிலும் வெள்ளைச் சட்டையிலும் பாய்ந்தது. (புனல் வேலை அவ்வளவு நேரம் எடுத்ததால் ஆறிப்போயிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.)

"யா அல்லாஹ்!" என்றார் உம்மா. போச்சு, தங்கச்சியின் கல்யாணம் போச்சு. என் பிரஷர் அந்த நிமிடம் எவ்வளவு என்று யாரும் அளக்காதது நல்லது.

ஹாஜியார் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கையிலிருந்த குமிழைப் பார்த்தார். நாக்கால் மீசையை ஒரு தடவை தடவினார்.

"சீனி போட்டுத்தான் இருக்கு" என்றார்.

அஸ்லமால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஷிஃபானாவும் சிரித்தாள், உம்மாவும் சிரித்தார், கடைசியில் ஹாஜியாரின் தோள்களும் குலுங்கின. போகும்போது அவர் என் சாரத்தையும் மேல் சட்டையையும் உடுத்திக்கொண்டுதான் காரில் ஏறினார். மறுநாளே சம்மதம் சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் காரணம் விளங்காத எதற்கும் அந்த ஒரே கேள்விதான். போன மாதம் ஷிஃபானாவின் மகன் ஒரு பயற்றை மூக்குக்குள் தள்ளிவிட்டான். பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்து, கடுமையாக, "இது எப்படி உள்ளுக்குப் போச்சி?" என்று கேட்டாராம்.

தாயும் தகப்பனும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். டொக்டர் பயந்துபோய், கூடப் போயிருந்த பெரியவரைப் பார்த்திருக்கிறார். ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கம் சொன்னாராம்:

"குறை நினைக்காதீங்க டொக்டர். இது தாய்மாமன்ட பக்கத்தால வந்தது."